பதினேழாம் இலக்கம்

நானூறு நானோமீட்டர்.
மயிரிழை ஒன்றைக் குறுக்கே வெட்டி
அந்த முகத்தில், விளிம்பிலிருந்து விளிம்புக்கு
இருநூறைக் கிடத்தலாம்.
கொழுப்பாலான உருண்டை, உள்ளே மருந்து.
இதற்கும் சிறிதானால் ஆழம் போகாது,
பெரிதானால் வாசலிலேயே நிற்கும்.
பேராதனையில் மூன்று மழைக்காலம்
இந்த அளவுக்காகவே போனது எனக்கு.

கட்டுகஸ்தோட்டை ஸ்டீவனின் கடையில்
வெள்ளிக்கிழமைகளில் பன்றிக்காது வாங்குவேன்.
"சூப்புக்கா மிஸ்?"
ஆமென்பேன்.
அந்தத் தோலில் பச்சையாய் ஒளிரும் துகளைத் தடவி
தில்ருக்ஷி ஐந்து நிமிடம் தேய்ப்பாள், கடிகாரம் பார்த்து.
தேய்த்தால்தான் இறங்கும்.
மயிரின் மேல் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள்;
அசைய அசைய அவைதான்
துகளைப் பல்சக்கரமாய்க் கீழே தள்ளும்.
நுண்ணோக்கியில்,
கிணற்றின் அடியில் ஒரு பச்சை விளக்கு.
பிறகு எங்கள் முன்கைகளில் தடவி,
குளித்து, துணி துவைத்து,
பசையால் உரித்தெடுத்துப் பார்த்தோம்.
பத்தாம் நாளும் அணையவில்லை.

அதன்பின் மனிதர்கள்.
ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியவள் நான்.
மயிர்க்கால் என்று நான் எழுதியதை
டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து
எழுத்துக்கூட்டி வாசித்த அமராவதி
சிரித்துச் சிரித்து இருமினாள்.
"கங்காணி வாயில வர்றத
கவர்மெண்டு தாள்ல அடிச்சிருக்கீங்களே.
மயிருக்குக் காலு வேறயா?"
கையெழுத்துப் போட்டாள்.
இலக்கம் பதினேழு.

வயது நாற்பத்து மூன்று. கொழுந்தில் இருபத்தாறு வருடம்.
கூடைக் கயிறு உச்சியில் விழும் இடம்
உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுப்பு.
அங்கே கிணறுகளே தூர்ந்துவிட்டன.
ஓரத்தில், இன்னும் சாகாத பகுதியில்,
சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டம் போட்டு
நடுவில் ஒரு புள்ளி பச்சை குத்தினோம்.
வட்டத்துக்குள் முதல்நாள்: பதினொன்று.

மஸ்கெலியா மழைக்குப் பழைய மருந்து நிற்காது.
தடவிக்கொண்டு, சாக்கைப் போர்த்தி மலையேறினால்
எட்டரைக்கெல்லாம் கழுத்து வழியே வழிந்துவிடும்.
எங்களுடையது உள்ளே இருக்கும்.
அதை நிரூபிக்கத்தான் வந்தோம்,
மாதம் ஒருமுறை குளிர்பெட்டி மடியில்,
பதுளை ரயிலில் ஹட்டன் வரை.

படிவத்தின் ஆறாம் விதி:
பங்கேற்பவர் தம் அன்றாடப் பழக்கங்களை
மாற்றக் கூடாது.
கயிறும் ஒரு பழக்கம் என்று
அதை எழுதியபோது எனக்குத் தோன்றவில்லை.

ஆறாம் மாதம். கேமரா. பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
தில்ருக்ஷிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது.
வட்டத்துக்குப் பின்னால், இரண்டு விரல் தள்ளி,
புதிதாகச் சிவந்த ஒரு தடம்.

"கயிறு பட்டா ஒங்க புள்ளி அழிஞ்சிருமேன்னு
பின்னால தள்ளிக்கிட்டேன் மிஸ்.
கழுத்துதான் வலி. கிலோவும் கொறஞ்சுது,
நாலஞ்சு நாள் அரைப்பேருதான் போட்டாங்க."
பரிசு வாங்க வந்த முகம்.

எட்டு மயிர்.
துகள் கொண்டுவந்தது எத்தனை,
கயிறு விட்டுக்கொடுத்தது எத்தனை?
விதிமீறல் என்ற பெட்டியில் அடையாளமிட்டேன்.
பேனாவை மூட மறந்து
விரலெல்லாம் நீலம்.

அமராவதி கண்ணாடி கேட்டாள்.
இல்லையென்றதும் கேமராத் திரையைத்
தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
மரம் மரமாகப் பெருத்துக் கிடந்தன.
"இதுல எது புதுசு?"
மெல்லிசாக இருப்பதெல்லாம், என்றேன்.
திரையில் விரல் வைத்து எண்ணினாள்,
தராசடியில் நின்று
கணக்கப்பிள்ளையின் பேனாவைப் பார்க்கிறவளாய்,
உதடு அசையாமல், அவசரமில்லாமல்.

"ஒன்னு கொறைச்சு எழுதியிருக்கீங்க மிஸ்.
ஓரத்துல ஒன்னு படுத்துக்கெடக்கு. இருவது."

குனிந்து பார்த்தேன்.
கிடந்தது.